பிளஸ்ஸா, மைனஸா?

வெற்று டிவிடி ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் ஊதாவாக மின்னும். அந்த நிறம் சாயத்தினுடையது. 0.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பாலிகார்பனேட் வட்டுகளை ஒட்டி, நடுவில் சாயமும் உலோகப் பூச்சும் வைத்திருப்பார்கள். லேசர் சுட்ட இடத்தில் சாயம் சிதையும். பிளேயர் அதைப் பள்ளமென்று எடுத்துக்கொண்டு படிக்கும். மைனஸ் ஆர் (DVD-R) வாங்கினாலும் பிளஸ் ஆர் (DVD+R) வாங்கினாலும் இதுவரை எல்லாம் ஒன்றுதான். பிறகு எதற்கு அத்தனை சண்டை?

மூத்தது மைனஸ். 1997-இல் பயனியர் நிறுவனம் விற்ற முதல் ரைட்டரின் விலை சுமார் 17,000 டாலர், தகட்டில் 3.95 ஜிபிதான் பிடிக்கும். வாங்கியவர்கள் ஸ்டுடியோக்காரர்கள். கொள்ளளவு 4.7 ஜிபிக்கு வளர்ந்த கையோடு மைனஸ் தனக்குள்ளேயே பாகம் பிரித்துக்கொண்டது: ஸ்டுடியோவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எழுதும் லேசரின் அலைநீளம்கூட வேறு. இதன் ரைட்டரில் அதை எழுத முடியாது. வீட்டுத் தகட்டில், பூட்டுச் சாவிக்கான பகுதியை ஆலையிலேயே அடைத்து அனுப்பினார்கள். சினிமா டிவிடியை யாரும் அச்சு அசலாக நகலெடுத்துவிடக் கூடாதே! 2001-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி4-இல் பயனியரின் ரைட்டரைப் பொருத்தி விற்றது. மேசைக் கணினிக்கு டிவிடி எழுதும் வேலை வந்தது அப்போதுதான்.

அதே ஆண்டு சோனி, பிலிப்ஸ், ஹெச்பி, ரிக்கோ முதலானோர் சேர்ந்து, அழித்து எழுதக்கூடிய பிளஸ் ஆர்டபிள்யூவை இறக்கினார்கள். மறு ஆண்டு, ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய பிளஸ் ஆர் வந்தது. முதல் தலைமுறை பிளஸ் ரைட்டரை ஆசையாய் வாங்கியவர்களுக்கு அது பிளஸ் ஆரை எழுதாது என்பது பிறகுதான் தெரிந்தது. கொதித்துப்போனார்கள்.

உண்மையான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. வெற்றுத் தகட்டில் நெளிந்து நெளிந்து ஓடும் சுருள் பள்ளம் ஒன்றுதான் உண்டு. தான் எங்கே நிற்கிறோம் என்று ரைட்டருக்கு எப்படித் தெரியும்? மைனஸில் பள்ளத்தை ஒட்டிய மேட்டில், சாலையோர மைல்கற்களைப் போல, முன்கூட்டியே சிறு குழிகள் பதித்திருப்பார்கள். பிளஸில் குழி கிடையாது. நெளிவின் போக்கை அங்கங்கே மாற்றி, அதிலேயே முகவரியை ஒளித்துவிட்டார்கள். மைனஸின் நெளிவு நொடிக்குச் சுமார் 1,40,000 முறை, பிளஸ்ஸில் 8,17,000. எழுதுவதை நடுவில் நிறுத்தி, விட்ட இடத்திலேயே துல்லியமாகத் தொடர இந்த அடர்ந்த நெளிவு வசதி. பொறியியலாக எனக்குப் பிளஸ்தான் அழகு.

ஆனால் வீட்டில் இருந்த பழைய பிளேயருக்கு அழகு தெரியுமா? பிளஸ்ஸை நுழைத்தால் 'நோ டிஸ்க்' என்று கையை விரித்தவை உண்டு. அதற்கும் ஒரு தந்திரம் இருந்தது. தகட்டின் தொடக்கத்தில் அது என்ன வகை என்று சொல்லும் குறிப்பில் 'டிவிடி பிளஸ் ஆர்' என்பதற்குப் பதில் அச்சடித்த சினிமாத் தகட்டுக்குரிய 'டிவிடி ரோம்' குறியீட்டை எழுதிவிடலாம். பிளேயரும் ஏமாந்து ஓட்டும். மைனஸில் அந்தக் குறிப்பு ஆலையிலேயே பதிந்துவிடுவதால் இந்த வேலை நடக்காது. கொள்ளளவிலும் ஒரு பொறி இருந்தது: மைனஸில் 4,707,319,808 பைட், பிளஸில் 4,700,372,992. மைனஸை விளிம்புவரை நிரப்பத் தயாரித்த கோப்பு பிளஸில் ஏறாது.

சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. 2002-இல் சோனியே இரண்டையும் எழுதும் ரைட்டரை விற்றது. மற்றவர்களும் பின்தொடர, வாங்குபவர் குறியைப் பார்ப்பதையே விட்டார். பார்த்திருக்க வேண்டியது சாயத்தையும் அதைப் பூசிய ஆலையையும். ஜப்பானின் தையோ யூடென் தகடுகளைத் தேடிப்பிடித்து வாங்கியவர்கள் அதற்காகத்தான் அலைந்தார்கள். நம் நாட்டு மோசர் பேர் உலகின் பெரிய தகட்டு ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது; தமிழ்ப் படங்களின் டிவிடியை மலிவு விலைக்கு விற்றதும் அதுதான். மைனஸின் பக்கம் நின்ற டிவிடி ஃபோரம் என்ற அமைப்பு பிளஸ் ஆரை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2008-இல். அதற்குள் பென் டிரைவ் எல்லார் சட்டைப் பையிலும் ஏறியிருந்தது. தையோ யூடென் 2015-இல் தகட்டுத் தொழிலை விட்டது. மோசர் பேரைக் கலைக்க 2018-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.