குறுக்கே நின்ற வாயு

இரண்டாம் உலகப்போர்க் காலம். குண்டுகள் விழுந்த லண்டனில், இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட சிலருக்குக் குடல் அசைவு நின்று, வாயு நிரம்பி, வயிறு மத்தளம்போல் உப்பியது. குடலில் அடைப்பா, வெறும் முடக்கமா? குடல் சுவரின் தடிமனை அளக்க முடிந்தால் தெரிந்துவிடும். வயிற்றைக் கிழிக்காமல் அளப்பது எப்படி? ஜான் வைல்ட் என்ற அறுவை மருத்துவரை இந்தக் கேள்வி விடவே இல்லை. விடை அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்தது.

போர் முடிந்ததும் வைல்ட் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போனார். அங்கே கடற்படை விமானத் தளத்தில் ஒரு விசித்திரக் கருவி இருந்தது. தண்ணீருக்குள் ஒலியலைகளைப் பாய்ச்சி, எதிரொலியைத் திரையில் காட்டி, விமானிகளுக்கு ரேடார் படம் பார்க்கப் பயிற்சி தரும் கருவி அது. வைல்ட் அதன் முன் குடல் துண்டுகளை வைத்தார். தடிமன் தெரிந்தது. கூடவே, அவர் தேடாத ஒன்றும் சிக்கியது: புற்றுநோய் கண்ட திசு, நல்ல திசுவிலிருந்து மாறுபட்டு எதிரொலித்தது! 1950-களில் பொறியாளர் ஜான் ரீடுடன் சேர்ந்து மலக்குடலுக்குள் செலுத்தும் ஒலிக்கருவியையும் செய்தார். ஆனால் மேல்வயிற்றில் ஓர் உறுப்பு பிடிபடாமல் ஒளிந்திருந்தது.

அது கணையம். இரைப்பைக்குப் பின்னால் இருப்பது. வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் செய்தால், குடலிலும் இரைப்பையிலும் உள்ள வாயு ஒலியைத் தடுத்துவிடும். எந்த வாயுவால் இந்தத் தேடல் தொடங்கியதோ, அதே வாயு குறுக்கே நின்றது. வாய் வழியே இரைப்பைக்குள் போன எண்டோஸ்கோப் என்ற நோக்குக்குழாய்க்கோ உள்சுவரைத் தாண்டி எதுவும் தெரியாது. இரண்டையும் சேர்த்தால்?

1980-ல் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் யூஜீன் டிமாக்னோவின் குழு, எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் எனும் ஒலிக்கருவியைப் பொருத்தி நாய்களிடம் சோதித்தது. அதே ஆண்டில் ஜெர்மன் மருத்துவர்களும் இதே வகைக் கருவியைப் பற்றி எழுதினார்கள். ஆனால், நீண்டு விறைத்த நுனி வளைவுகளில் திரும்ப மறுத்தது. நுனி சிறுத்து, சுற்றிலும் 360 பாகை காட்டும் கருவிகள் வந்தபின் கணையம் தெளிவாகத் தெரிந்தது. அங்கே கட்டியும் தெரிந்தது. அது புற்றா இல்லையா என்று சொல்லத் திசு வேண்டுமே! ஊசியை நீட்டினால், குறுக்குவெட்டுப் படத்தில் அது போகும் பாதையே தெரியவில்லை.

படத்தின் திசையை மாற்றியதில் வழி பிறந்தது. ஊசி போகும் வாக்கிலேயே படம் காட்டும் கருவி வந்தது. அதை வைத்து, ஊசியைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி கணையத்திலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்ததை டென்மார்க்கின் பீட்டர் வில்மன் 1992-ல் வெளியிட்டார். எடுக்கப் போன ஊசி அடுத்து கொடுக்கவும் தொடங்கியது. 1996-ல், கணையப் புற்றுநோயின் வலியை அடக்க நரம்புப் பின்னலில் மருந்து செலுத்தும் முறை வெளியானது. 2001-ல் பிரான்சின் மார்க் ஜியோவானினி, அடைபட்ட பித்தநாளத்துக்குச் சிறுகுடல் வழியாகவே வடிகால் அமைத்தார்.

இன்று குடல்நோய் மருத்துவர்கள் சீட்டில் சுருக்கமாக ‘இ.யூ.எஸ்.’ என்று எழுதும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் இதுதான். கணையக் கட்டியிலிருந்து வயிற்றைத் திறக்காமல் திசு எடுக்க, மருத்துவர்கள் முதலில் நாடும் வழிகளில் ஒன்று.