ஒரே ரெஸ்யூமே, ரெண்டு சம்பளம்: மண் டிஎன்ஏ ஆய்வாளர் கண்டது என்ன?

மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. அவற்றின் டிஎன்ஏவை மண்ணிலிருந்தே நேரடியாகப் பிரித்து ஆராயும் முறைக்கு 1998-இல் 'மெட்டாஜெனோமிக்ஸ்' என்று பெயர் வைத்தது, அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஜோ ஹேண்டல்ஸ்மன் குழு.

ஆனா அவரை அதிகம் பேச வைத்தது வேறொரு ஆய்வு. 2012-இல் அவர் இடம்பெற்ற குழு, அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரு ரெஸ்யூமேயை மதிப்பிடச் சொன்னது. சிலருக்கு 'ஜான்', சிலருக்கு 'ஜெனிஃபர்'. பெயரைத் தவிர எதுவும் மாறல. ஜானுக்குச் சொன்ன சராசரி ஆண்டுச் சம்பளம் 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் இதே மாதிரிதான் மதிப்பிட்டாங்க!

அதே ஆண்டு அவர் இணைத் தலைமையேற்ற அதிபர் ஆலோசனைக் குழு அறிக்கைப்படி, அறிவியல், பொறியியல் படிக்க அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வருபவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அந்தப் பட்டத்தோடு வெளியேறுகிறார்கள். ஈர்ப்பில்லாத அறிமுக வகுப்புகளும், வரவேற்காத ஆசிரியர்களும் அது சுட்டிய காரணங்களில் சில.