டைம் இதழ் அட்டையில் வந்த தளபதியும் ஒரு பல் வலியும்

1/ 1939 டிசம்பர் 4. ஜப்பான் பிடியில் இருந்த பெய்ஜிங். 65 வயது முன்னாள் தளபதி ஒருவர் இறந்துபோகிறார். காரணம், பல்லில் வந்த இன்ஃபெக்‌ஷன். பார்த்தது ஜப்பானிய டாக்டர். "விஷம் வச்சுட்டாங்க"ன்னு உடனே பேச்சு கிளம்பிடுச்சு. யார் இவர்? ஒரு த்ரெட்.

2/ பேரு வூ பெய்ஃபு. 1874ல் ஷான்டோங் மாகாணத்தில் பிறந்தவர். 22 வயசுலயே அரசுத் தேர்வின் முதல் படியைத் தாண்டி 'சியூசாய்' பட்டம் வாங்கியவர். படிச்ச மனுஷன், அப்புறம்தான் பட்டாளத்துக்குப் போனார்.

3/ 1912ல் மன்னராட்சி போச்சு. 1916ல் அதிபர் யுவான் ஷிகாய் இறந்ததும் ராணுவம் துண்டு துண்டாச்சு. ஆளாளுக்கு ஒரு மாகாணம், ஒரு படை, ஒரு வரி. வூ இருந்தது சாவ் குன் தலைமையிலான ஜிலி அணியில்.

4/ தலைவர் சாவ் குன், ஆனா மூளை வூ. 1920ல் துவான் சிருய் அணியைத் தோற்கடித்தார். 1922ல் மஞ்சூரியாவின் ஜாங் சுவோலினை விரட்டினார். வட சீனாவின் பெரும்பகுதி கைக்கு வந்தது.

5/ இன்னொரு பக்கமும் இருக்கு. "தொழிலாளர்களைக் காப்பேன்"னு சொன்னவர்தான். 1923 பிப்ரவரி 7ல் பெய்ஜிங்-ஹான்கோ ரயில்வே ஸ்டிரைக்கைத் துப்பாக்கியால் அடக்கினார். பலர் செத்தாங்க. சங்கத் தலைவர் லின் சியாங்சியானின் தலை வெட்டப்பட்டது. அந்த ரயில் வருமானத்தில்தான் அவர் படைக்குச் சம்பளம்!

6/ 1924 செப்டம்பர் 8, டைம் இதழ் அட்டையில் வூ. அந்த அட்டையில் வந்த முதல் சீனர். அடுத்த மாசமே சரிவு. அவர் ஷான்ஹாய்குவான் போர்முனையில் நிற்கும்போது, சொந்த அணியின் ஃபெங் யூசியாங் பின்னாடி திரும்பி பெய்ஜிங்கைப் பிடிச்சுட்டார். வூ கடல் வழியாகத் தப்பினார்.

7/ மறுபடி எழுந்தார். ஆனா 1926ல் தெற்கிலிருந்து வந்த சியாங் கை-ஷேக்கின் படை அவரை நொறுக்கியது. அக்டோபர் 10ல் வூசாங் விழுந்தது. அதோட ராணுவ வாழ்க்கை முடிஞ்சது.

8/ 1937க்குப் பிறகு, தங்களுக்கு ஒரு பொம்மை அரசு நடத்த ஜப்பானியர் இவரைக் கேட்டாங்க. பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போச்சு. கடைசி வரை அவர் அந்தப் பதவியில் உட்காரலை. அதனாலதான் மரணத்தில் சந்தேகம்.

9/ டாக்டரா என் கருத்து: விஷம் இல்லைன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா இந்தச் சாவை விளக்க விஷம் தேவையே இல்லை. கடைவாய்ப் பல் சீழ் தாடைக்குக் கீழே பரவினா நாக்கு மேலே தள்ளும், மூச்சு அடைக்கும், கிருமி ரத்தத்தில் கலக்கும். பென்சிலின் முதல் நோயாளிகளுக்குப் போடப்பட்டதே 1941ல்தான்.

10/ இறந்த பிறகு சியாங் கை-ஷேக் அரசு, தான் தோற்கடித்த அதே ஆளுக்கு உயர்ந்த ஜெனரல் பதவி கொடுத்து கௌரவித்தது. 1923ல் செத்த தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு அவர் எப்பவும் கொலைகாரர்தான். ரெண்டும் ஒரே மனுஷன்தாங்க.

11/ கடைசியா ஒண்ணு. பல் வலியோட தாடை வீக்கம், வாய் திறக்க முடியலை, எச்சில் விழுங்க முடியலைன்னா காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ராத்திரியே ஜி.எச் வந்துடுங்க. 1939ல் இல்லாத மருந்து இன்னைக்கு அங்க இலவசம்.