பாஸ்டன் ஐஸும் எண்ணூர் உப்பும் நம்ம நாவப்பழமும்

ஆனி, ஆடி வந்தா எங்க மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நாவ மரத்தடி எல்லாம் ஊதாவாக் கிடக்கும். மாங்காயைப் பறிச்சு வைக்கோல்ல போட்டு நாலு நாள் வச்சுப் பழுக்க வைக்கலாம். நாவப்பழத்துக்கு அந்தப் பேச்சே இல்ல. உதிர்ந்த மறுநாளே நசுங்கிப் புளிச்சுப் போயிடும். கூடையோட கும்மிடிப்பூண்டி லைன் ரயில்ல ஏறி கொருக்குப்பேட்டையில இறங்குறவங்க, பொழுது சாயறதுக்குள்ள வித்தாகணும். இல்லன்னா கேட்ட விலைக்குக் கொடுத்துட்டு வரணும். இந்தப் பழத்துக்கு ருசி குறையில்ல, குளிர்தான் குறை.

அந்தக் குளிர் சாதாரண சனங்க கைக்கு எப்படி வந்துச்சுங்கறதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கொருக்குப்பேட்டையில இருக்கிற என் அக்கா வீட்டுல, மாம்பழக் கூழைப் பால் சேர்க்காம உறைய வச்சு, மேல நாவப்பழத்தைக் காய்ச்சின சாறை ஊத்தித் தருவாங்க. பெரிய ஓட்டல்ல இதுக்குப் பேரு சோர்பே. ஆனா அந்தப் பேரு நமக்கு அந்நியமில்ல. குடிக்கிறதுங்கற அர்த்தமுள்ள அரபுச் சொல்லில் இருந்துதான் சர்பத் பிறந்தது. அது துருக்கி வழியா இத்தாலிக்குப் போய் சோர்பெத்தோ ஆச்சு, பிரான்சுல சோர்பே ஆச்சு. நாம குடிக்கிற நன்னாரி சர்பத்தும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

சர்பத் நம்மகிட்ட இருந்துச்சு, ஐஸ் இல்ல. வடக்கே அக்பர் அரண்மனைக்கு இமயமலையில இருந்து பனி வந்ததாகவும், வெடியுப்பு கரைச்ச தண்ணியில குடத்தை வச்சுக் குடிதண்ணியைக் குளிர வச்சதாகவும் அயினி அக்பரியில எழுதி வச்சிருக்காங்க. நம்ம சென்னைக்குப் பக்கத்துல பனிமலை ஏது? மண்பானையும் வெட்டிவேரும்தான் நமக்குத் தெரிஞ்ச குளிர்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஐஸ் கப்பல்ல வந்துச்சு, அதுவும் அமெரிக்காவுல இருந்து. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர்ங்கற வியாபாரி, குளிர்காலத்துல குளம் உறைஞ்சதும் ஐஸைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பினாரு. 1806-ல மார்த்தினிக் தீவுக்கு முதல் சரக்கு போச்சு. 1833-ல டஸ்கனிங்கற கப்பல் 180 டன் ஐஸோட கல்கத்தாவுக்குக் கிளம்புச்சு. நாலு மாசம் கடல்ல வந்து, வெயில் கோட்டைத் தாண்டி, இறங்கும்போதும் ஏறத்தாழ 100 டன் மிச்சமிருந்துச்சாம். அறுவடை பண்ணி, பொதிஞ்சு, சேதாரம் போக மிச்சத்தை விக்கிறது! நம்ம விவசாயக் கணக்கு மாதிரியேதான் இருக்கு.

சென்னையில அந்த ஐஸை வைக்க 1842-ல திருவல்லிக்கேணிக் கடற்கரையில ஒரு கட்டடம் கட்டினாங்க. ஐஸ் ஹவுஸ்னு பேரு. இன்னைக்கும் அந்தப் பகுதியையே ஐஸ் ஹவுஸ்னுதான் சொல்றோம். சுவாமி விவேகானந்தர் 1897-ல வந்து தங்கினதால அது இப்ப விவேகானந்தர் இல்லம். அப்ப சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். பலகையைக் கயிறால தைச்ச மசூலாப் படகுலதான் அலையைத் தாண்டி எல்லாச் சரக்கும் கரைக்கு வரணும், ஐஸும் அப்படித்தான். துடுப்பு போட்டவங்க நம்ம கரையோர மக்கள். வாங்கித் தின்னவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்களும் வசதி படைச்சவங்களும். ஜுரத்துக்கு டாக்டருங்க ஐஸ் வைக்கச் சொன்னதும் உண்டு. மத்தபடி குப்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாத பொருள்.

ஐஸ் மட்டும் இருந்தா பழக்கூழ் உறையாது. இங்கதான் உப்பு வருது. வெறும் ஐஸோட குளிர் பூஜ்யம் டிகிரி. சர்க்கரை சேர்த்த கூழ் அதுல சில்லுன்னு ஆகும், ஆனா கெட்டியாகாது. ஐஸோட உப்பைக் கலந்தா ஐஸ் வேகமாக் கரையும். கரையறதுக்கு வேண்டிய சூட்டைப் பக்கத்துல இருக்கிற பாத்திரத்துல இருந்து உறிஞ்சிக்கும். மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்புன்னா பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரைக்கும் கூடப் போகும். இத்தாலியில நேப்பிள்ஸ் நகரத்துல அந்தோனியோ லத்தீனிங்கறவரு 1690-களில் அச்சிட்ட சமையல் புத்தகத்துல சோர்பெத்தோ பக்குவம் இருக்கு. 1843-ல அமெரிக்காவுல நான்சி ஜான்சன்ங்கற பெண் கையால சுத்துற ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினாங்க. சென்னையில ஐஸ் ஹவுஸ் கட்டின மறுவருஷம் அது. அதுக்கப்புறம் அரண்மனைச் சமையல்காரர் வேண்டாம், வீட்டுப் பெண்களே செய்யலாம்னு ஆச்சு.

உப்புக்கு நாம யாரையும் தேடிப் போக வேண்டியதில்ல. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் உப்பளம் உண்டு. கொருக்குப்பேட்டை ஓரமாப் போற பக்கிங்காம் கால்வாய்லதான் ஒரு காலத்துல உப்பும் விறகும் படகுல பட்டணத்துக்கு வந்துச்சு. உப்பு நம்முது, பழம் நம்முது, படகு தள்ளின கையும் நம்முது. ஐஸ் மட்டும் அடுத்தவன் குளத்துல இருந்து வந்துச்சு.

1870-களில் சென்னையிலேயே நீராவி இயந்திரத்துல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் பாஸ்டன் வியாபாரம் படுத்துடுச்சு. மெஷின் ஐஸ் பெருகினபிறகுதான் ஏழைக்கும் குளிர் கிடைச்சுது. மீனுக்கு ஐஸ் வேணும்னு காசிமேட்டைச் சுத்தி ஐஸ் கம்பெனிங்க வந்துச்சு. சைக்கிள்ல பெட்டி கட்டி மணியடிச்சுட்டு வர்ற ஐஸ்காரரு, பால் ஐஸ், சேமியா ஐஸ், குச்சி ஐஸ் எல்லாம் அதுக்கப்புறம் வந்த கதை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. மீனுக்குப் போடுற ஐஸ் பார் வேற, திங்கற ஐஸ் வேற. வீட்டுல செய்யும்போது அந்த ஐஸ் பாத்திரத்துக்கு வெளியதான் இருக்கணும், கூழுக்குள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது.

பக்குவம் சொல்றேன். நல்லாப் பழுத்த மாம்பழக் கூழ் நாலு டம்ளர். ஒரு டம்ளர் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணியில காய்ச்சி ஆற வச்சு அதுல ஊத்தி, ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க. சர்க்கரையைக் குறைச்சா பாறை மாதிரி ஆயிடும், கூட்டினா உறையாது. மூடி உள்ள சில்வர் தூக்குல ஊத்தி, பெரிய வாளிக்கு நடுவுல வச்சு, சுத்தி உடைச்ச ஐஸும் கல்லுப்பும் அடுக்கடுக்காப் போடுங்க. தூக்கைக் கையால திருப்பிட்டே இருக்கணும். அப்பப்பத் திறந்து ஓரத்துல உறைஞ்சதைச் சுரண்டி நடுவுல கலக்கணும். முக்கால் மணி நேரத்துல பதம் வரும். ஃபிரிட்ஜ் இருந்தா உப்பு வேண்டாம், ஃப்ரீசர்ல வச்சு மணிக்கொரு தரம் கிளறினாப் போதும்.

சாறுக்கு, அரைக் கிலோ நாவப்பழத்தை உப்புத் தண்ணியில அலசி, கையால பிசைஞ்சு கொட்டையை எடுத்துடுங்க. அரை டம்ளர் சர்க்கரை போட்டுச் சின்னத் தீயில பத்து நிமிஷம் காய்ச்சினா துவர்ப்பு அடங்கி, தேன் பதத்துல கருஊதாவா வரும். களாக்காய் பழுத்தது கிடைச்சா அதையும் ஒரு கை சேர்க்கலாம், புளிப்பு தூக்கும்.

இதை ருசிக்காக மட்டும் எழுதல. கொட்டை எடுத்த நாவக்கூழை ஃப்ரீசர்ல வச்சா மாசக்கணக்கா இருக்கும். ரெண்டு நாள் ஆயுசுப் பழம் பொங்கல் வரைக்கும் நிக்கும். ஆனா ஊருல நாலு பேர் சேர்ந்து வச்சுக்க ஒரு குளிர்ப்பெட்டி இல்ல. மீனுக்கு வந்த குளிர் தோட்டத்துப் பழத்துக்கு இன்னும் வரல. விலை இல்லன்னு நாவ மரத்தை வெட்டி மனை போடுறாங்க. நாவ மரம் நல்லாக் காய்க்கறதுக்குப் பத்து வருஷம் ஆகும், வெட்ட ஒரு காலைப் பொழுது போதும். எங்க தெருவுல மூணு வீட்டுக்காரங்க பணம் போட்டு இந்த ஆடிக்கு ஒரு பழைய டீப் ஃப்ரீசர் வாங்கறதாப் பேசியிருக்கோம். கூழு கொருக்குப்பேட்டைக்குப் போகும், அக்கா வித்துத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. கரண்டு பில்லு போக என்ன மிஞ்சுதுன்னு கணக்கோட எழுதறேன்.