குற்றம் தாயிடமா, பிள்ளையிடமா? எதிர்ப்பு நடத்தைக் கோளாறு குறித்த அமெரிக்க ஆய்வுகளில் குடும்பம் (1943–2013)

பெரியவர்களிடம் ஓயாமல் வாதிடுதல், அடிக்கடி சினந்து கத்துதல், விதிகளை வேண்டுமென்றே மீறுதல் முதலியன ஒரு குழந்தையிடம் நீடித்துக் காணப்படும்போது, அதனை எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என உளமருத்துவம் வகைப்படுத்துகிறது. இதில் குடும்பத்தின் பங்கு யாது என்னும் வினாவிற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் அளித்த விடை காலந்தோறும் மாறியுள்ளது. அம்மாற்றத்தைக் கோட்பாடுகளின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். ஆய்வாளர் எங்கே அமர்ந்து எதனைப் பார்த்தார் என்பதும் அதற்கு ஈடான காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

டேவிட் லெவி 1943-இல் வெளியிட்ட 'தாயின் மிகைப்பாதுகாப்பு' என்னும் நூல், நியூயார்க் குழந்தை வழிகாட்டி நிலையம் ஒன்றின் கோப்புகளிலிருந்து தெரிந்தெடுத்த 20 நேர்வுகளை அடிப்படையாகக் கொண்டது. தாய் இணங்கிப்போகும் இல்லங்களில் பிள்ளை அடங்காதவனாகவும், தாய் ஆதிக்கம் செலுத்தும் இல்லங்களில் பணிந்தவனாகவும் வளர்வதாக அவர் முடிவு கண்டார். பிள்ளையின் நடத்தை இங்கு விளைவாக மட்டுமே வாசிக்கப்பட்டது. தந்தையின் இடம் எத்தகையது என்பதை நூலின் தலைப்பே சொல்லிவிடுகிறது.

மறுப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-இல் தொடங்கிய நியூயார்க் நெடுங்கால ஆய்வு, குழந்தைகள் பிறவியிலேயே வேறுபட்ட மனப்பாங்கினர் என வாதிட்டது. எல்லாவற்றிற்கும் தாயையே பழிக்கும் போக்கைச் செஸ் 1964-இல் வெளிப்படையாகச் சாடினார். 1968-இல் ரிச்சர்ட் பெல், பெற்றோரின் கண்டிப்பும் பிள்ளையின் முரட்டுத்தனமும் சேர்ந்து காணப்படுவதை எதிர்த்திசையிலும் விளக்கலாம் என்று காட்டினார்: முரட்டுப் பிள்ளையே கண்டிப்பை வரவழைத்திருக்கலாம்.

எனினும் இவ்வினாவின் வடிவத்தையே மாற்றியவர் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் பணியாற்றிய ஜெரால்டு பேட்டர்சன் ஆவார். அவருடைய குழுவினர் வீடுகளுக்கே சென்றனர். குடும்பத்தார் அனைவரும் இருக்க வேண்டும், இரண்டு அறைகளுக்குள் இருக்க வேண்டும், தொலைக்காட்சி கூடாது என்னும் நிபந்தனைகளுடன், 6 நொடிக்கு ஒருமுறை யார் என்ன செய்தார், மற்றவர் எவ்வாறு எதிர்வினை புரிந்தார் எனக் குறியீடுகளால் பதிவுசெய்தனர். இயல்பான குடும்ப மாலைப்பொழுது இதுவன்று. ஆயினும் நினைவிலிருந்து சொல்லப்படும் வாக்குமூலத்தில் அகப்படாத ஒன்று இதில் அகப்பட்டது. தாய் பொம்மைகளை எடுத்துவைக்கச் சொல்கிறாள், சிறுவன் சிணுங்குகிறான், அவள் அதட்டுகிறாள், அவன் அலறுகிறான், அவள் விட்டுவிடுகிறாள், அலறல் நிற்கிறது. அலறலால் சிறுவன் வேலையிலிருந்து தப்பினான். விட்டுக்கொடுத்ததால் தாய்க்கு அமைதி கிடைத்தது. இருவருமே எதிர்மறை வலுவூட்டல் பெற்றனர். மறுமுறை அவன் அலறலிலிருந்தே தொடங்குகிறான். 1982-இல் வெளியான தமது நூலில் இதனை நிர்ப்பந்தச் சுழலாக அவர் விரித்துரைத்தார். வறுமை, மணமுறிவு, தாயின் மனச்சோர்வு ஆகியன பெற்றோரின் கையாளும் திறனைக் குலைத்து இச்சுழலை விரைவுபடுத்துவன என்றும் கருதினார்.

அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1980-இல், தாய்மாரை அங்கீகரிக்கப்படாத பலியாட்கள் எனத் தலைப்பிலேயே சுட்டும் ஆய்வேட்டினை அவர் வெளியிட்டிருந்தார். குற்றவாளியாக இருந்தவள் பாதிக்கப்பட்டவளானாள். ஆனால் சிகிச்சை என்பது பெற்றோர்க்கான பயிற்சியாகவே அமைந்தது. நடைமுறையில் பயிற்சிக்கு வந்தவர் பெரும்பாலும் தாயே. பழி நீங்கினும் பொறுப்பு அவளிடமே தங்கியது என்பதைப் பேட்டர்சனைப் போற்றும் வரலாறுகள் போதிய அளவு கவனிப்பதில்லை.

அதே 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவக் கழகக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு 'எதிர்ப்புக் கோளாறு' என்பதனைத் தனிநோயாக ஏற்றது. 1987-ஆம் ஆண்டுத் திருத்தம் பெயரில் 'மீறல்' என்பதையும் சேர்த்தது. யூஜீனில் இருவருக்கிடையே நிகழ்வதாகப் பதிவான ஒன்று, கையேட்டில் ஒருவருக்குள் இருப்பதாக எழுதப்பட்டது. காப்பீட்டுக்கும் மருத்துவக் கோப்புக்கும் தனியொரு நோயாளியின் பெயர் தேவை என்பதை நோக்க, இது வியப்பன்று. 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, எட்டு அறிகுறிகளுள் நான்கேனும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும் என்றது. அவை உடன்பிறப்பு அல்லாத ஒருவரிடமேனும் வெளிப்பட வேண்டும் என்றது. உடன்பிறந்தோர் சண்டையை விலக்கிய அவ்வளவுகோல், எதிரே நிற்கும் பெரியவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை.