காசிமேட்டில் செல்லும் காசு

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடிந்து, கூடையுடன் இராயபுரத் தெருக்களுக்கு வரும் மூத்த பெண்களிடம், கைப்பேசியில் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டால் சிலர் மகனின் எண்ணைச் சொல்கிறார்கள். சிலர், "காசா குடு சாமி" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். இதை அறியாமை என்று படித்தவர்களாகிய நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பணத்தின் வரலாறு வேறு சொல்கிறது.

1861ஆம் ஆண்டுக் காகிதப் பணச் சட்டத்தின்படி அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியபோது, நாடு கல்கத்தா, பம்பாய், சென்னை என வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டத்தின் நோட்டு அடுத்த வட்டத்தில் சட்டப்படி செல்லாது. இராயபுரத்தில் 1856லேயே இரயில் நிலையம் வந்துவிட்டது. பின்னாளில் இருப்புப்பாதை பம்பாய்வரை நீண்டபோது மனிதன் போய்ச் சேர்ந்தான், அவன் மடியிலிருந்த நோட்டுக்கோ அங்கே மதிப்பு உறுதியில்லை! தொடக்கத்தில் மிகச் சிறிய நோட்டே 10 ரூபாய். 5 ரூபாய் நோட்டு 1871இல்தான் வந்தது. கூலியாளுக்கு அதுவும் பெரும்பணம். வெள்ளி நாணயமே வேண்டும் என்றவரை மூடர் என்பதா? தடை அவர் அறிவில் இல்லை, நோட்டின் விதியில் இருந்தது. 1903இல் 5 ரூபாய் நோட்டு பர்மா நீங்கலாக எங்கும் செல்லும் என்றாயிற்று. 10, 50 ரூபாய் நோட்டுகளுக்கு 1910இலும், 100 ரூபாய்க்கு 1911இலும் அந்த உரிமை கிட்டியது. (இடையே 1906இல் அர்பத்நாட் நிறுவனம் முறிந்து சென்னைவாசிகள் பலரின் சேமிப்பு கரைந்ததையும் மறக்கலாகாது.)

செயலிகளுக்கும் ஒரு வட்டக் காலம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் மின்பணப்பையிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் போகாது. 2016இல் வந்த யு.பி.ஐ. வங்கிக் கணக்குகளை நேரடியாக இணைத்து அச்சுவரைத் தாண்டியது. வேறு சுவர்கள் நின்றன. வங்கியில் பதிந்த எண்ணே கைப்பேசியிலும் இருக்கவேண்டும். இரகசிய எண் அமைக்க நெடுநாள் டெபிட் கார்டு தேவைப்பட்டது. ஆதார் வழி பின்னரே திறந்தது. சாதாரண பட்டன் போனுக்கான புதிய யு.பி.ஐ. ஏற்பாடு 2022 மார்ச்சில் வந்தது. வந்த தொகையைக் குரலில் சொல்லும் பெட்டி, எழுத்தறியாத வியாபாரிக்குப் பெரிய துணை. ஆனால் அது கடைக்கு ஏற்றது, தலைக்கூடைக்கு எங்கே பொருத்துவது?

இவற்றைவிட நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மறுநாள் ஏலத்துக்குக் கையில் முதல் வேண்டும். கணக்கில் விழுந்த பணத்தைக் கடன் தவணை முந்திக்கொள்ளலாம். மகன் கணக்கில் விழுந்தாலோ, தன் உழைப்பின் காசை அவனிடம் கேட்டு வாங்கவேண்டும். சுருக்குப்பையில் இருப்பது மட்டுமே அவருடையது.

நம் தெருவுக்கு வரும் அம்மாள் மகன் எண்ணைக் கொடுப்பவர். மறுநாள் வாசலில் கூடையை இறக்கியதும், "நேத்து எவ்ளோ போட்ட சார்?" என்று நம்மிடமே கேட்டு, விரல்விட்டுக் கூட்டிக்கொள்கிறார்.