வேலை குறைக்க வந்த பெட்டி

போயிங் விமானி அறையில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, முழங்காலுக்குப் பக்கத்தில், ஆளுக்கொன்றாக இரண்டு பெட்டிகள் பதித்திருக்கும். சின்னத் திரை, இருபுறமும் ஆறாறு பொத்தான், கீழே ஆங்கில எழுத்துகள், அதுவும் தட்டச்சு வரிசையில் அல்ல, பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கும் ஏ, பி, சி வரிசையில். திரையில் 14 வரி, வரிக்கு 24 எழுத்து, அவ்வளவுதான் இடம். சிடியு என்பார்கள். வழியையும் உயரத்தையும் கணக்கிடும் கணினி வேறோர் அறையில் இருக்கிறது. விமானி அதனிடம் சொல்வதும் அது பதில் தருவதும் இந்தப் பெட்டி வழியாக.

1982 செப்டம்பரில் போயிங் 767 விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கியபோது இதுவும் வேலைக்கு வந்தது. அதுவரை பெரிய ஜெட்களில் மூன்றாவது ஆளாக ஒரு ஃப்ளைட் இன்ஜினியர் உட்கார்ந்து எரிபொருளையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். 767-ஐயும் முதலில் மூவருக்காகத்தான் கட்டினார்கள். இருவர் போதும் என்று அமெரிக்க அதிபர் அமைத்த குழு 1981-இல் சொன்னதும், கட்டி வைத்திருந்த விமானங்களைக்கூட மாற்றினார்கள். அந்த நாற்காலி போனதற்குப் பெட்டி மட்டும் காரணமல்ல, தானியங்கி அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. இரண்டே ஆண்டில் 737-300-லும் பெட்டி ஏறிவிட்டது.

அதில் எக்ஸெக் என்றொரு விசை. வழியில் எதை மாற்றினாலும் அதன் விளக்கு எரியும். அழுத்தும்வரை மாற்றம் வெறும் உத்தேசம். அழுத்திவிட்டால் விமானம் திரும்பும். 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757-இல், ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போகவேண்டி ‘ஆர்’ என்று ஓர் எழுத்தைத் தட்டினார்கள். வரைபடத்தில் ரோசோவுக்கு ஆர் என்றுதான் போட்டிருந்தது. பெட்டியின் தரவில் அந்த எழுத்துக்கு முதலில் வந்ததோ பொகோட்டா பக்கத்து ரோமியோ. சரிபார்க்காமல் எக்ஸெக் அழுத்தப்பட்டது. பள்ளத்தாக்கு நெடுகப் போகவேண்டிய விமானம் இடப்பக்கம் மலைகளை நோக்கித் திரும்பியது. 163 பேரில் நால்வர் பிழைத்தார்கள்.

வீட்டுக் கணினிக்குள் இந்தப் பெட்டி நுழைந்தது மிகத் தாமதமாக. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய மென்பொருளை 1982 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டராக வெளியிட்டபோது அதில் இருந்தது ஒரு செஸ்னா. பின்னால் 737 வந்தும் அதன் அறையில் பாதி சுவிட்சுகள் வெறும் படம். பிஎம்டிஜி போன்ற சிறு நிறுவனங்கள்தான் ஒவ்வொரு சுவிட்சுக்கும் உயிர் கொடுக்க மெனக்கெட்டன. 2011-இல் வந்த அவர்களுடைய 737-ஐ வாங்கியவர்கள் பல நாள் ஓடுபாதைப் பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

ஏனென்றால் விமானம் இருளில் நிற்கிறது. பேட்டரியைப் போட்டு, தரைமின்சாரம் கொடுத்து, தலைக்கு மேலே, விமானத்தின் இடத்தையும் திசையையும் உணரும் ஐஆர்எஸ் அமைப்பின் குமிழ்கள் இரண்டையும் ‘நேவ்’ நிலைக்குத் திருப்ப வேண்டும். பூமி சுழல்வதை உணர்ந்து வடக்கைக் கண்டுபிடிக்க அதற்குப் பத்து நிமிடம் போலப் பிடிக்கும். சிமுலேட்டரில் இதை நொடிகளாகச் சுருக்க வழியுண்டு. அசல் பிரியர்கள் சுருக்கமாட்டார்கள். அதற்குள் விமானம் நிற்கும் இடம், பாதை, எடை எல்லாவற்றையும் பெட்டியில் தட்ட வேண்டும். எரிபொருள் சேராத எடையை மொத்த எடைக்கான வரியில் தட்டிவிட்டால், பெட்டி முகம் சுளிக்காமல் குறைவான புறப்பாட்டு வேகங்களைத் தரும். பாதையின் இரு துண்டுகள் சேராத இடத்தில் கட்டம் கட்டிக் காட்டும், சேர்ப்பது நம் பாடு.

புதியவரைக் கட்டாயம் திணறவைப்பது இறக்கம். எல்லாம் சரியாகத் தட்டியாயிற்று, இறங்கவேண்டிய புள்ளி நெருங்குகிறது, விமானம் மட்டும் அதே உயரத்தில் போகிறது. பெட்டியின் அடிவரியில் ‘ரீசெட் எம்சிபி ஆல்ட்’. எம்சிபி என்னும் முன்பலகையின் உயரக் குமிழைக் குறைத்து வைக்கவில்லை. பெட்டிக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அந்தக் குமிழில் மனிதன் வைத்த எண்ணைத் தாண்டி அது இறங்காது. கையேட்டில் இதைப் பத்து முறை படிக்கலாம்; விமானநிலையத்துக்கு மேலே 35,000 அடியில் பறந்து போனால் ஒரே முறையில் பதியும்.

விமானியின் பாரத்தைக் குறைக்கப் பிறந்த பெட்டி வீட்டில் வேண்டப்படுவதே அந்தப் பாரத்துக்காக. வழித் தரவு உலகெங்கும் 28 நாளுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது; அந்தத் தரவை விற்கும் நாவிகிராஃபுக்குச் சந்தா கட்டி அதே சுழற்சியில் வீட்டிலும் புதுப்பிக்கிறார்கள். காலி விபத்தை நினைத்தால் இதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுட்டியால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்திச் சலித்தவர்களுக்கு யுஎஸ்பியில் செருகும் நகல் பெட்டிகள் கிடைக்கின்றன. ஃப்ளைபைவயர் குழுவின் இலவச ஏர்பஸ் 320-இல் அதன் பெட்டியைக் கைபேசித் திரையிலேயே திறக்கலாம். இன்னும் சிலர் உடைத்துப்போட்ட விமானத்தின் அசல் சிடியுவையே தேடி வாங்குகிறார்கள். அது கேட்பதோ 400 ஹெர்ட்ஸ், 115 வோல்ட் மின்சாரம். வீட்டுச் சுவரில் அது கிடைக்காது. ஆகவே உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு, விசைகளை ஓர் ஆர்டுயினோ பலகையில் இணைத்து, பழைய திரைக்குப் பதில் எல்சிடி ஒன்றைப் பொருத்துகிறார்கள். எக்ஸெக் விளக்குக்குத் தனிக் கம்பி.